ஒரு ஆளுக்கு ஒரு கார்ட்டன்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் வலிக்காமல் என்ன செய்யும்? மாமா ஒர்க்‌ஷாப்பில் வேலை இருக்கிறதா, இல்லை இன்னும் ஓனரோடு பேச்சுவார்த்தை இல்லையா?

லீவு கிடைத்துவிட்டது. மார்ச் ஐந்தாம் தேதி வருகிறேன். இரண்டு வருஷம் லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் பெட்டி சுமந்ததற்கு இருபது நாள் விடுதலை. அதையும் ஏதோ தங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது போலக் கொடுத்தார்கள். வந்ததும் முதல் மூன்று நாள் நான் தூங்குவேன். யாரும் எழுப்ப வேண்டாம். எங்கள் அறையில் பதினெட்டுப் பேர், ஒன்பது அடுக்குக் கட்டில், ஒரு ஜன்னல். என் மேல்கட்டில்காரனுக்குக் குறட்டை என்றே பெயர் வைத்துவிட்டோம். அவன் மூச்சு விட்டால் என் கட்டில் நகர்கிறது.

இன்னொரு விஷயம். ஒரு கார்ட்டன் சிகரெட் வாங்கி வைக்க வேண்டும். பத்து பாக்கெட் சேர்ந்த நீளப் பெட்டி. வெள்ளைப் பெட்டியில் நீலக் கோடு போட்டது, விலை கூடிய ரகம். மாமாவிடம் சொன்னால் புரியும். எனக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நாற்காலிக்கு ஒரு தலையணையாவது வைத்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 23

அன்புள்ள தம்பி,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. தலையணை வைத்தேன், வாடிக்கையாளர் ஒருவர் அதை எடுத்துத் தனக்குப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாமா ஓனரோடு சமாதானம், அடுத்த சண்டை வரைக்கும். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை பாஸ்போர்ட் அலுவலக வாசலில், என் குடைக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். சிகரெட் என்ற இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். டவுன் பஸ்ஸில் டிரைவர் பீடி பற்ற வைத்தாலே ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தவன் நீ. உனக்கு ஒரு கார்ட்டனா?

மாமாவுக்கோ தலைகால் புரியவில்லை. "கடைசியில என் மச்சான் ஆம்பளையாயிட்டான்"னு சொல்லிக்கொண்டு திரிந்தார். "அவன் ஆம்பளையாவறதுக்கு நுரையீரல்தான் கெடைச்சுதா?"ன்னு கேட்டேன். மனுஷன் உடனே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பதினோரு வருஷமாக அடுத்தவருக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன். உண்மையான காரணம் சொல்கிறவன் அரை மணி நேரம் பேசுவான், மூக்கைச் சிந்துவான், ஆரம்பத்திலிருந்து ஆரம்பிப்பான். பொய்க் காரணம் சொல்கிறவன் ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வான். நீ "எனக்குத்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறாய்.

முழுசாக எழுது. அதுவரை கார்ட்டன் கிடையாது.

மழையில் நனையாதே, வெயிலில் நிற்காதே.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ கோபமாக எழுதியதைப் பார்த்ததும் நீயும் நலம் என்று தெரிந்துகொண்டேன்.

சரி, முழுசாக எழுதுகிறேன். சிகரெட் எனக்கில்லை, எங்கள் மேற்பார்வையாளருக்கு. கட்டடத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவனை நாங்கள் கண்ணாடி என்றுதான் சொல்வோம். இந்த நாட்டில் சிகரெட்டுக்குத் தீயாக வரி. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒரு ஆளுக்கு ஒரு கார்ட்டன் வரியில்லாமல் கொண்டுவரலாம். லீவு முடிந்து திரும்புகிற ஒவ்வொருவரும் கண்ணாடிக்கு ஒரு கார்ட்டன் கொண்டுவந்து வைக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்க மாட்டான். நாற்காலியில் உட்கார்ந்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டுவான்.

கொடுக்காவிட்டால் என்ன என்று கேட்பாய். என் வேலை பெர்மிட் ஜூலை கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கிற பாரத்தில் முதல் கையெழுத்து அவனுடையது. அது விழாமல் காகிதம் ஆபீஸ் வாசலைக்கூடத் தாண்டாது. போன வருஷம் எங்கள் அறையில் ஒரு பெயின்டர் இருந்தான். "நான் எதுக்குடா வாங்கிட்டு வரணும்"னு வெறுங்கையோடு வந்தான். அவன் பாரத்தை மேசை டிராயரில் போட்டான் கண்ணாடி. தேதி முடிந்தது, பெயின்டர் பெட்டி கட்டினான்.

சம்பளத்தில் பிடித்தம், சாப்பாட்டில் பிடித்தம், தூங்குகிற நேரத்திலும் பிடித்தம். சட்டம் தப்பித்தவறி எங்களுக்கென்று ஒரு சலுகையை விட்டு வைத்தால், அதற்கும் ஒருவன் கையை நீட்டுகிறான். பதினெட்டுப் பேரில் இரண்டு பேர்தான் சிகரெட் பிடிப்பவர்கள், தெரியுமா? போகட்டும். பெர்மிட் வேண்டும், கார்ட்டன் வேண்டும், நீ வாங்கி வை.

உன் முதுகுக்கு இங்கிருந்து ஒரு தைலம் வாங்கி வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பி,

எல்லோரும் சுகம். கார்ட்டன் வாங்கியாயிற்று. நான் கடைக்குப் போய்க் கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்காரருக்கா?" என்றார். "ஒரு திருட்டுப் பயலுக்கு" என்றேன். அவர் மாமாவைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது அது பீரோவில், என் புடவைக்கு அடியில் பூட்டியிருக்கிறது. சாவி என் இடுப்பில். மாமா ஒரு நாளில் நாலு தடவை "பீரோ கீலுக்கு எண்ணெய் போடணும்போல இருக்கே" என்கிறார்.

அந்தப் பெயின்டரை நினைத்தால் தாங்கவில்லை. உன் பையை நான்தான் கட்டுவேன், சொல்லிவிட்டேன். நீ கட்டினால் தைலம் சட்டையில் ஊற்றிக்கொள்ளும், கார்ட்டன் எங்கேயாவது தொலையும்.

பத்திரமாக வந்து சேர். மூன்று நாள் என்ன, நாலு நாள் தூங்கு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்புக்கும் ஒன்றும் வரக்கூடாது, ஏனென்றால் உன்னைத் திட்டுவதற்கு நீ திடமாக இருக்க வேண்டும்.

முதலில் நான் உன்னிடம் மறைத்த ஒன்று. அந்த ஒரு கார்ட்டன் சலுகை, கொண்டுவருகிறவர் தானே பிடிப்பதற்கு மட்டும்தான். அடுத்தவருக்குக் கொண்டுவந்தால் வரி உண்டு. அதனால் கஸ்டம்ஸில் யாராவது கேட்டால் "எனக்குத்தான்" என்று சொல்ல வேண்டும். நம் வீட்டு மொட்டை மாடியில் மாமாவும் நானும் துணி காயப்போடுகிறோம் என்று ஒரு மணி நேரம் நின்றோமே, அது பயிற்சி. சிகரெட்டை எந்த விரல் இடுக்கில் வைப்பது, சாம்பலை எப்படித் தட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு இழுப்பு இழுத்தேன், மூன்றாவதில் உன் நீலப் புடவை மேல் சாய்ந்துவிட்டேன். "பரவால்ல மச்சான், இருமுறவன்தான் அசல் சிகரெட்காரன்"னு தட்டிக்கொடுத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு ஆள், பளபளவென்று ஷூ, இரண்டு பைகள். நடக்கும்போது உள்ளே பாட்டில் மணியடிக்கிறது. அவனுக்கு வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். கம்பெனிச் சட்டை போட்ட எங்கள் ஏழு பேரைத் தனி மேசைக்குத் தள்ளினார்கள். சட்டையைப் பார்த்தே திருடன் என்று கண்டுபிடிக்கிற படிப்பை எங்கே சொல்லிக்கொடுக்கிறார்களோ.

என் மேசையில் ஒரு அம்மா. நிதானமாகத்தான் பேசினார். எனக்கு அவர்கள் மொழி ஓரளவு வரும்.

"சிகரெட் இருக்கா?"

"ஒரு கார்ட்டன் மேடம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பத்து. வேலை ஜாஸ்தின்னா பன்னெண்டு." மாமா சொல்லிக்கொடுத்தபடி ஒரு இருமல்கூட இருமினேன்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு நீ துண்டில் சுற்றி வைத்ததைப் பிரித்தார். கார்ட்டன் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில், ஓரம் விட்டு, அழகாகத் தட்டச்சு செய்து. அவர் சத்தமாகவே படித்தார். "பெறுநர்: மேற்பார்வையாளர், தொழிலாளர் விடுதி, இரண்டாம் கிடங்கு. இதில் உள்ள சிகரெட்டுகள் மேற்படியாருக்கு உரியவை. இதைக் கொண்டுவரும் என் தம்பிக்குப் புகைப்பழக்கம் கிடையாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." கீழே உன் கையெழுத்து. அதற்குக் கீழே தேதி.

அக்கா, உன்னை நான் என்ன செய்ய?

அந்த அம்மா பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் படித்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். "பன்னெண்டா?" என்றார் அந்த அம்மா. நான் இன்னொரு தடவை இருமினேன். இந்த முறை தானாகவே வந்தது.

என்னை விட்டுவிட்டார்கள். கார்ட்டனை வைத்துக்கொண்டார்கள். பெறுநர் நேரில் வந்து, வரி கட்டி, எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு காகிதம் எழுதி என் கையில் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கண்ணாடி நீட்டிய கையில் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். அவன் கண்ணை முதன்முதலில் அன்றைக்குத்தான் பார்த்தோம். சின்னக் கண்.

அறையில் பதினேழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குறட்டை உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமாம்.

பெர்மிட் பற்றி நினைத்துக் கலங்காதே. தைலம் தேய்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி நாங்கள் சுகம். நீ?

தப்புத்தான். ஆனால் என் பக்கத்தையும் கேள். பெறுநர் பெயர் இல்லாமல் நான் ஒரு தாளைக்கூட இயந்திரத்திலிருந்து உருவியதில்லை. உன் பெர்மிட்டே அந்தப் பெட்டியில் இருக்கிறது, அது வழியில் கைமாறிவிடக் கூடாது என்றுதான் ஒட்டினேன். அந்தக் கடைசி வரி அவசியமில்லைதான். யாராவது பெட்டியைத் திறந்து உன்னைத் தப்பாக நினைத்துவிட்டால் என்று மனசு கேட்கவில்லை. தானே பிடிக்க மட்டும் என்கிற ஒரு வரியை பிப்ரவரியிலேயே நீ எழுதியிருந்தால் நான் ஒட்டியிருப்பேனா? மாடியில் புகைவிடத் தெரிந்தது, அக்காவிடம் சொல்லத் தெரியவில்லை. என் நீலப் புடவை இன்னும் நாறுகிறது.

மாமாவும் ஒன்றை ஒப்புக்கொண்டார். கீலுக்கு எண்ணெய் போட்ட அன்று கார்ட்டனில் ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தீப்பெட்டிக் கட்டை வைத்து ஒட்டியிருக்கிறார். கஸ்டம்ஸ்காரர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று தினமும் கேட்கிறார். அவருக்காவது பதில் எழுது.

எனக்கு ஒன்றே ஒன்று எழுது. கண்ணாடி கையெழுத்துப் போடுவானா, மாட்டானா?

அக்கா


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நலம். உன் முதுகு?

இங்கே கோடை ஆரம்பித்துவிட்டது. எனக்கு இப்போது வெயில் படாத இடத்தில் வேலை. வியர்ப்பதே இல்லை. மற்றவர்கள் பொறாமைப்படுகிறார்கள்.

கஸ்டம்ஸில் எண்ணவில்லை என்று மாமாவிடம் சொல்.

பெர்மிட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே, பேனா சரியில்லை.

தம்பி


ஜூன் 6

அக்காவுக்கு,

நீங்களும் மாமாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் உங்கள் தம்பியின் மேல்கட்டில்காரன். பெயர் சொன்னால் தெரியாது, குறட்டை என்றால் தெரியும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தப்பு இருந்தால் மனு எழுதுகிறவர்கள் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளவும்.

அவன் பேனா நன்றாகத்தான் இருக்கிறது. விரல்தான் சரியில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து அவனை ஃப்ரீசர் ரூமில் போட்டிருக்கிறான் கண்ணாடி. மீன் பெட்டி அடுக்குகிற வேலை. ஒரு ஆளை ஒரு வாரத்துக்கு மேல் அங்கே விடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. இவனுக்கு ஒன்பது வாரம். வெளியே வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாது, நான்தான் கழற்றிவிடுகிறேன். அதற்கும் ஜோக் அடிக்கிறான். "புதுசா கல்யாணமான மாதிரி இருக்குடா" என்கிறான்.

விஷயம் என்னவென்றால், கண்ணாடி கார்ட்டனை எடுக்கப் போகவே இல்லை. போனால் கேள்வி வரும் அல்லவா. கஸ்டம்ஸிலிருந்து கம்பெனிக்கே இரண்டாவது காகிதம் வந்துவிட்டது. மேலாளர் விசாரிக்கிறார். இப்போது கண்ணாடி சொல்வது, சிகரெட் உங்கள் தம்பியுடையதுதான், அக்கா தவறுதலாக ஒட்டிவிட்டார் என்று நீங்கள் எழுதித்தர வேண்டும். தந்தால் அன்றைக்கே பெர்மிட்டில் கையெழுத்து, ஃப்ரீசரிலிருந்தும் விடுதலை. தராவிட்டால் டிராயர்.

"அக்காவுக்கு எழுதுடா" என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "கேட்டா எழுதிருவா. அதான் கேக்க மாட்டேன்" என்கிறான்.

அவனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஆகஸ்டில் எனக்கு லீவு.

குறட்டை


ஜூன் 19

அன்புள்ள தம்பி,

உன் விரல் எப்படி இருக்கிறது? பதில் எழுத வேண்டாம், குறட்டையிடம் சொல்லி எழுதச் சொல். அவன் மேல் கோபப்படாதே. வெயில் படாத இடமாம். உன்னை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

நான் உண்மை விளம்பி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? இந்தக் குடைக்கடியில் உட்கார்ந்து எத்தனை பேர் வயதைக் கூட்டியிருக்கிறேன், குறைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற சித்தப்பாக்களை லீவுக்காகச் சாகடித்திருக்கிறேன். ஒருவருக்காக ஒரே சித்தப்பாவை இரண்டு தடவை. அதனால் கண்ணாடி கேட்ட கடிதம் எனக்குப் பத்து நிமிஷ வேலை. தட்டச்சு செய்துவிட்டேன். சிகரெட் தம்பியுடையதுதான், அவன் புகைபிடிப்பது வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம் என்று நான்தான் வேறொருவர் பெயரை ஒட்டினேன், மேற்பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்குகிறது. நல்ல பொய்.

அதைத் தட்டச்சு செய்து முடித்த பிறகு இயந்திரத்தில் இன்னொரு தாளைச் சொருகினேன். அதில் நடந்ததை மட்டும் எழுதினேன். கார்ட்டனை நான்தான் வாங்கினேன். யார் கேட்டு வாங்கினேன் என்று எழுதினேன். உங்கள் அறையில் சிகரெட் பிடிக்காத பதினாறு பேர் பெயரில் இதுவரை எத்தனை கார்ட்டன் வந்தது, அதையெல்லாம் யார் பிடித்தார் என்று கேட்டேன். ஒரு வாரத்துக்கு மேல் கூடாத இடத்தில் என் தம்பி எத்தனை வாரம் நிற்கிறான் என்றும் கேட்டேன். மேலாளர் பெயருக்கு. கீழே இரண்டு வரி. நகல்: கஸ்டம்ஸ் அலுவலகம். நகல்: வேலை பெர்மிட் அலுவலகம். மனுவுக்குப் பலம் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கிறது. மேலே நீ அழுதாலும் சரி, அடித்தாலும் சரி, ஆபீசர் முதலில் பார்ப்பது நகல் யாருக்கு என்பதைத்தான்.

இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். குண்டூசி குத்தியது பொய். குத்தாதது நிஜம், நகல்களோடு. ஃப்ரீசரில் நிற்பது நீ. பெர்மிட் உன்னுடையது. எதைக் கொடுக்கிறாயோ கொடு. பொய்யைக் கொடுத்தால் நான் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மாமா முன்னிலையில் சத்தியம்.

கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

விரல்கள் பத்தும் இருக்கின்றன. ஒன்றிரண்டு இன்னும் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். பொத்தானை நானே கழற்றுகிறேன். உன் முதுகு எப்படி? மாமா எப்படி?

மறைத்ததற்கு மன்னித்துவிடு. இதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் முதலில் எடுத்துக்கொண்டு போனது குண்டூசி குத்தியதைத்தான்.

அறையில் இரண்டையும் எல்லோருமாகப் படித்தோம். பொய்க் கடிதம்தான் நன்றாக இருக்கிறது என்று ஒருமனதாக முடிவானது. "உங்க அக்கா எனக்கும் ஒண்ணு எழுதுவாங்களா?" என்று நாலு பேர் கேட்டார்கள். சனிக்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணாடியின் அறைக்குப் போனேன். எனக்குப் பெர்மிட் வேண்டும் அக்கா. வீரமெல்லாம் எனக்குக் கிடையாது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் வந்தது தெரிந்ததும், நிமிராமல் கையை நீட்டினான். கார்ட்டனுக்கு நீட்டுவது போலவே. என் அக்கா எழுதிய காகிதம் அவனுக்கு இன்னொரு கார்ட்டன். அடுத்த மாதம் குறட்டைக்கு நீட்டுவான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"எங்க?" என்றான்.

"இன்னும் வரல சார்."

"இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"நல்லா இருக்கு சார்" என்றுவிட்டு வந்தேன்.

அறைக்கு வந்து குத்தாத கடிதத்தை எடுத்தேன். மேலாளரிடம் கொடுக்கப் போகிறேன் என்றேன். குறட்டைதான் முதலில் பேனாவை எடுத்து, "நான் சிகரெட் பிடிப்பதில்லை. என் கார்ட்டன் இரண்டு" என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பதினெட்டில் பதினோரு பேர். மற்ற ஏழு பேர் போடவில்லை. பெர்மிட் இந்த மாதமே முடிகிறவர்கள், ஊரில் வீடு கட்டிப் பாதியில் நிற்கிறவர்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர்களைப் பயப்பட வைத்தவனைத்தான் சொல்வேன்.

கடைசியாக ரயில் வந்தான். எங்கள் அறையில் சிகரெட் பிடிக்கிற இரண்டு பேரில் ஒருவன், புகை விடுவதால் அந்தப் பெயர். அவன் எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "நான் தினமும் பன்னிரண்டு பிடிப்பவன். மூன்று முறை லீவில் போய் வந்தேன். என் கார்ட்டனில் ஒன்றுகூட நான் பிடித்ததில்லை."

திங்கள்கிழமை மேலாளர் அறைக்குப் போனேன். அவர் மேசையில் ஒரு சாம்பல் கிண்ணம். பக்கத்தில் நீலக் கோடு போட்ட வெள்ளைப் பாக்கெட். அந்த ரகம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாதா? நிதானமாகப் படித்தார். நீ சொன்னது சரி, கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி அதையே படித்தார்.

"யார் இது? வக்கீலா?"

"அக்கா சார்."

"வக்கீலான்னு கேட்டேன்."

"பாஸ்போர்ட் ஆபீஸ் வாசல்ல குடை போட்டு உக்காந்திருக்காங்க சார்."

"நகல்னு போட்டிருக்கு. அனுப்பியாச்சா?"

"கவர்ல இருக்கு சார். ஸ்டாம்பு ஒட்டியாச்சு."

கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். பிறகு கண்ணாடியின் டிராயரில் கிடந்த என் பாரத்தை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுகிற இடத்திலும் அவரே போட்டார், தன் இடத்திலும் போட்டார், முத்திரை குத்தினார். "இனிமே ஃப்ரீசர் முறை வெச்சுத்தான். போ. இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை அக்கா. தலையைக்கூட ஆட்டவில்லை. பாரத்தைப் பெர்மிட் அலுவலகத்தில் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டேன். வெளியே தபால் பெட்டி இருந்தது. இரண்டு நகலையும் போட்டேன்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஃப்ரீசரில் நான் நின்ற பதிமூன்று வாரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கண்ணாடியை வேறு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

இந்தக் கடிதத்தைத் தெளிவான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 29

அன்புள்ள தம்பி,

பார்த்தேன். எழுத்து பரவாயில்லை. மரத்த விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தினமும்.

உன் கடிதத்தை மாமா சத்தமாகப் படிக்க நான் கேட்டேன். தபால் பெட்டி வந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உன் தம்பியா இவன்?" என்றார். எனக்கு முதுகுவலி போன இடம் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

இப்போதெல்லாம் வெளிநாட்டு வேலைக்குப் பாரம் நிரப்ப வருகிறவர்களிடம், "ஒரு ஆளுக்கு ஒரு கார்ட்டன்னா அது அந்த ஆளுக்கு, வேற எவனுக்கும் இல்ல" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அவர்கள் ஏதோ கிறுக்கியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். புரியும்போது புரியட்டும்.

பெர்மிட் கைக்கு வந்ததும் எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் அரைகுறைதான்.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இனி முழுசாகத் தூங்கு. பெர்மிட் வந்துவிட்டது. இரண்டு வருஷம். ஒத்தடம் கொடுத்ததில் விரலும் உயிர் பெற்றுவிட்டது.

கஸ்டம்ஸிலிருந்து இரண்டு பேர் வந்து மேலாளரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? அவர் மேசையில் சாம்பல் கிண்ணத்தைக் காணோம் என்பது மட்டும் தெரியும். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும், கழுத்து அவருடையது.

குறட்டை லீவு முடிந்து வெறுங்கையோடு வந்தான். உன்னை நேரில் வந்து பார்த்தானாமே, அவனுக்கும் ஒரு சித்தப்பாவைச் சாகடித்துக் கொடுத்தாயாமே. ஒரு வாரம் கூடுதலாக இருந்துவிட்டு வந்திருக்கிறான்.

நேற்று ரயிலும் லீவு முடிந்து வந்தான். கஸ்டம்ஸில் அதே அம்மாவாம். "யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கு மேடம்" என்றிருக்கிறான். "நிஜமாவா?" என்று கேட்டிருக்கிறார். இவன் இரண்டு விரலை நீட்டிக் காட்டியிருக்கிறான், சிகரெட் பிடித்துப் பிடித்து மஞ்சளாகிப்போன விரல். "போங்க" என்று கார்ட்டனைக் கையில் கொடுத்துவிட்டாராம்.

சாயங்காலம் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்தான். பதினேழு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான், பற்ற வைத்தான், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பாதியில் இருமல் வந்துவிட்டது. இத்தனை வருஷம் மட்ட ரகமே பிடித்தவனுக்கு நல்ல சரக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய மறுபடி இழுத்தான்.

"ஒத்துக்கலைன்னா விட்டுடேன்டா" என்றான் குறட்டை. "இங்க கொடு, வித்துத் தர்றேன்."

ரயில் கார்ட்டனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இருமுவேன்" என்றான். "என்னுதுடா."

உன் தம்பி